வலைப்பதிவு: வந்து போன மோகமா, நிலைத்து நிற்பதா?

"இப்பவும் யாராவது ப்ளாக் எழுதுறாங்களா?" புதுச்சேரியில் கல்லூரிப் பிள்ளைகளிடம் வலைப்பதிவு என்று பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. கையில் இன்ஸ்டாகிராம் இருக்கிறது, யூடியூப் இருக்கிறது, சொந்தபந்தம் தொடங்கித் தெருக்காரர்கள் வரை ஆளுக்கொரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அண்ணன், அக்கா காலத்துச் சமாச்சாரமாகத் தெரியும் ஒன்றை இப்போது எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலைப்பதிவைச் சுற்றி ஒரு மோகம் இருந்தது, அது வடிந்துவிட்டது. ஆனால் வலைப்பதிவு செய்கிற வேலையைச் செய்ய இன்னும் வேறொன்று வரவில்லை. அதனால் அது இருக்கும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைப் புதிதாகக் கேள்விப்படுபவருக்கும் புரியும்படி அடியிலிருந்து சொல்கிறேன்.

வலைப்பதிவு என்பது ஒருவர் அவ்வப்போது எழுதுவதைத் தேதி போட்டு வெளியிடும் இணையதளம். புதியது மேலே இருக்கும், பழையது கீழே போகும். ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனி முகவரி உண்டு. படிக்க வருபவர் கணக்குத் தொடங்க வேண்டாம், கடவுச்சொல் கொடுக்க வேண்டாம். பதிவின் கீழே பின்னூட்டம் போட இடம், பக்கத்தில் ஆண்டுவாரியாகப் பழைய பதிவுகளின் பட்டியல். அவ்வளவுதான். இலவசமாகத் தொடங்க பிளாக்கர், வேர்ட்பிரஸ் என்று இரண்டு பெரிய இடங்கள் ரொம்ப நாளாகவே இருக்கின்றன.

ஒரு பதிவைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்து ஆள் ஒருவர் அதைப் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வயது பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன, எவை கிளை முறிந்து பிழைத்தன, முந்திரித் தோப்பு என்ன ஆனது, கரண்ட் இல்லாமல் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்றெல்லாம் எழுதி, தலைப்பு வைத்து, 'தானே புயல்' என்று ஒரு குறிச்சொல்லும் சேர்த்து வெளியிடுகிறார். உடனே அந்தப் பதிவுக்கென்று ஒரு முகவரி உருவாகிறது. பிளாக்கரில் என்றால் அந்த முகவரிக்குள்ளேயே ஆண்டும் மாதமும் எண்ணாக இருக்கும். கொஞ்ச நாளில் கூகுள் வந்து படித்துத் தன் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளும். பல ஆண்டு கழித்து வேளாண்மை படிக்கும் ஒரு மாணவி 'புயலில் பலா மரம்' என்று தேடினால் அந்தப் பதிவு அவர் கண்ணில் பட வாய்ப்பிருக்கிறது. எழுதியவரும் படிப்பவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதே விஷயத்தை அவர் ஃபேஸ்புக்கில் எழுதியிருந்தால்? அன்றைக்கு நூறு பேர் வருத்தப்பட்டிருப்பார்கள், நாலு பேர் பகிர்ந்திருப்பார்கள். அப்புறம் அது கீழே போய்விடும். நண்பர்களுக்கு மட்டும் என்று போட்டிருந்தால் தேடுபொறிக்கு அது இருப்பதே தெரியாது. சந்தேகம் இருந்தால் நீங்களே சோதித்துப் பாருங்கள். 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் பட்ட பாடு நம் எல்லோருக்கும் தெரியும். அப்போது உங்கள் நண்பர் ஃபேஸ்புக்கில் எழுதிய ஏதாவது ஒன்றை இப்போது தேடி எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த தகவலாக இருந்தால் இன்னும் மோசம், எழுதியது யார், எந்தத் தேதியில் என்பதே அதில் இருக்காது.

முகவரி பற்றிப் பேசும்போது தமிழில் எழுதுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பிளாக்கரில் தலைப்பை முழுக்கத் தமிழில் வைத்தால், அது தலைப்பிலிருந்து முகவரியை உருவாக்காது. 'ப்ளாக்-போஸ்ட்' என்று போட்டு, பின்னால் ஓர் எண்ணை ஒட்டிவிடும். கோயில் கல்வெட்டு பற்றிய பதிவுக்கும் மீன் குழம்பு பற்றிய பதிவுக்கும் ஒரே மாதிரி முகவரி. வெளியிடும் முன் வலப்பக்க அமைப்பில் நிரந்தர இணைப்பு என்ற பகுதியைத் திறந்து, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்களை நீங்களே கொடுத்துவிடுங்கள். இணைப்பைப் பார்த்ததுமே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

மோகம் எப்படி வந்தது, எப்படிப் போனது

இணையத்தில் நாட்குறிப்பு மாதிரி எழுதும் பழக்கம் 1990களின் நடுவிலேயே அமெரிக்காவில் இருந்தது. அதற்கு வெப்லாக் என்று 1997இல் பெயர் வைத்தவர் ஜார்ன் பார்கர். 1999இல் பிளாக்கர் வந்தது. நிரல் எழுதத் தெரியாதவரும் ஒரு பெட்டியில் தட்டச்சு செய்து வெளியிடலாம் என்ற நிலை அதனால் பரவலானது. 2003இல் கூகுள் பிளாக்கரை வாங்கியது, அதே ஆண்டு வேர்ட்பிரஸும் வெளிவந்தது.

தமிழில் இது சூடு பிடிக்க இன்னொன்று தேவைப்பட்டது. அதுவரை ஒவ்வொரு தமிழ்த் தளமும் ஒவ்வொரு எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் திரையில் புரியாத குறிகள்தான் தெரியும். தேடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு வந்து, விண்டோஸிலேயே தமிழ் சேர்ந்து, இ-கலப்பை மாதிரியான இலவச மென்பொருளில் தட்டச்சு செய்ய முடிந்ததும் நிலைமை மாறியது. 2004இல் தமிழ்மணம் திரட்டி தொடங்கியது. யார் எங்கே புதிய பதிவு போட்டாலும் அதை ஒரே பக்கத்தில் காட்டுவதுதான் திரட்டியின் வேலை. காலையில் ஒருவர் பதிவு போடுவார், மதியத்துக்குள் பின்னூட்டத்தில் விவாதம் களைகட்டும், மாலையில் இன்னொருவர் தன் பதிவில் எதிர்வினை எழுதுவார். 2007இல் சென்னையிலும் புதுச்சேரியிலும் வலைப்பதிவர் பயிற்சிப் பட்டறைகள் நடந்தன. தமிழில் தட்டச்சு செய்வதிலிருந்து பதிவு போடுவது வரை பதிவர்களே புதியவர்களுக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்தக் காலத்தின் இன்னொரு முகத்தையும் நம் கடற்கரைக்காரர்கள் மறக்கக் கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமி தேவனாம்பட்டினத்தையும் காரைக்காலையும் அடித்தபோது, இந்தியப் பதிவர்கள் சிலர் உடனே பிளாக்கரின் பிளாக்ஸ்பாட் முகவரியில் ஒரு பக்கத்தைத் தொடங்கினார்கள். காணாமல் போனவர்கள், உதவி எண்கள், எங்கே என்ன தேவை என்ற விவரங்களைப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து அதில் தொகுத்தார்கள். ஆபத்து நேரத்தில் சாதாரண ஆட்கள் கூடி ஒரு தகவல் மையத்தையே நடத்த முடியும் என்று அப்போதுதான் உலகம் பார்த்தது. அதே ஆண்டு அமெரிக்க அகராதி நிறுவனமான மெரியம் வெப்ஸ்டர் ஆண்டின் சொல்லாக அறிவித்தது 'ப்ளாக்' என்பதைத்தான்.

அப்புறம் ஃபேஸ்புக் வந்தது. நாலு வரி எழுதினால் நண்பர்கள் உடனே பதில் சொல்கிறார்கள் என்றால், நாலு பக்கம் எழுதிப் பின்னூட்டத்துக்குக் காத்திருக்கப் பலருக்கு மனம் வரவில்லை. 2013 ஜூலையில் கூகுள் ரீடர் மூடப்பட்டது. பல வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் படித்துவந்தவர்கள் வழி தெரியாமல் நின்றார்கள். 2016இல் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் கூட்டம் வீடியோ பக்கம் போனது. திரட்டிகள் பல மூடின.

அப்படிப் போனவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. அவர்களில் பெரும்பாலோர் வந்ததே அரட்டைக்கும் நட்புக்கும்தான். அதற்கு இதைவிட வசதியான இடம் கிடைத்தது, போனார்கள். நம் காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடும்போது நடக்கக்கூட இடமிருக்காது, திங்கட்கிழமை காலையில் நடைபாதை காலியாக இருக்கும். அதைப் பார்த்து அந்த வீதியில் வியாபாரமே செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா? வாரம் முழுக்கத் திறக்கும் கடைகள் திறந்துதானே இருக்கின்றன.

மோகம்தானா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, லாபம் இல்லாதபோதும் யார் தொடர்ந்து செய்தார்கள் என்று பார்ப்பது. வலைத்தளத்தில் விளம்பரம் போட்டுப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2003இல் தொடங்கியது. அது தமிழை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 2018இல்தான். அதாவது, தமிழ் வலைப்பதிவின் உச்சகாலம் முழுவதும் தமிழில் எழுதினால் அந்த வழியில் முறையான வருமானம் கிடையாது. இருந்தும் எழுதினார்கள். கிராமியப் பாடல்களைச் சேகரித்தார்கள், பழைய அறிஞர்களின் வாழ்க்கையைத் தேடி எழுதினார்கள், அப்பா வழி ஊரின் கதையைப் பதிந்தார்கள். புதுச்சேரியில் முனைவர் மு. இளங்கோவன் அப்படித் தமிழறிஞர்களையும் நாட்டுப்புறக் கலைஞர்களையும் பற்றித் தன் வலைப்பதிவில் எழுதிவருகிறார். அச்சில் எளிதில் கிடைக்காத ஒருவரைப் பற்றித் தேடும்போது அந்த மாதிரிப் பதிவுதான் நமக்குக் கைகொடுக்கிறது. பணத்துக்காகச் சினிமாச் செய்தியையும் ராசிபலனையும் வெட்டி ஒட்டிய தளங்கள் வந்தன, போகின்றன. அந்த மோகம் வடிந்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

வேறு பெயரில் ஓடும் வலைப்பதிவு

புதியவர்களுக்குப் பெரும்பாலும் யாரும் சொல்லித்தராத ஒரு பகுதி, ஓடை. ஆர்எஸ்எஸ் என்பார்கள். ஒவ்வொரு வலைப்பதிவும் தன் கடைசிச் சில பதிவுகளின் தலைப்பு, தேதி, இணைப்பு, உரை ஆகியவற்றை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். ஓடை படிக்கும் செயலியில் அந்த முகவரியைக் கொடுத்துவிட்டால், செயலி அவ்வப்போது போய் அந்தக் கோப்பைப் பார்த்து, புதிதாக ஏதாவது இருந்தால் எடுத்துவந்து உங்களிடம் காட்டும். நடுவே யாரும் உட்கார்ந்து உங்களுக்கு எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று முடிவு செய்வதில்லை. திரட்டிகள் ஓடியது இதன் மேல்தான். கூகுள் ரீடர் போனாலும் ஓடை போகவில்லை. இன்று நீங்கள் கேட்கும் பாட்காஸ்ட் ஒலிக்கோப்புகள் பல செயலிகளுக்கு வந்து சேர்வதும் இதே முறையில்தான்.

மின்னஞ்சலில் வரும் கட்டுரை மடல்களைப் பாருங்கள். 2017இல் தொடங்கிய சப்ஸ்டாக் மாதிரியான தளத்தில் ஒவ்வொரு மடலும் தேதியோடு, தனி முகவரியோடு, பின்னூட்டத்தோடு ஒரு பக்கமாகவும் இருக்கிறது. வலைப்பதிவு என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் அதேதான். தேர்தல் முடிவன்றும் புயலன்றும் செய்தித் தளங்கள் நேரம் போட்டு, புதியதை மேலே வைத்து, வரிவரியாகத் தரும் நேரலைப் பக்கமும் அதே வடிவம். உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஓடுவது வேர்ட்பிரஸில். அது பிறந்தது வலைப்பதிவுக்காகத்தான்.

புதுச்சேரிக்குத் தெரிந்த கதைகள்

தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கத்துக்கு நம் ஊரில் இருப்பது மாதிரிச் சாட்சி வேறெங்கும் கிடைப்பது அபூர்வம். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே காலத்தில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடைத்தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள், கவர்னர் வீட்டில் என்ன பேச்சு என்று அன்றன்றைக்கு எழுதிவைத்தார். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும், 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதும் அதில் இருக்கின்றன. அவர் காலத்தில் அதை வாசிக்கக் கூட்டம் எதுவும் இல்லை. அவர் இறந்து ஏறத்தாழ 85 ஆண்டுகள் கழித்து, 1846இல்தான் அது வெளியுலகுக்குத் தெரியவந்தது. பிற்பாடு சென்னை அரசு 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதும் எவரும் இன்று அதைத் தொடாமல் போக முடியாது. மூல ஏடுகளில் சில தொலைந்துவிட்டன. இருந்தும் நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், 19ஆம் நூற்றாண்டில் சிலர் அக்கறையோடு படி எடுத்து வைத்ததுதான்.

இன்னொரு கதை பாரதியுடையது. பிரிட்டிஷ் அரசின் கைக்குத் தப்பி அவர் 1908இல் இங்கே வந்தார், 'இந்தியா' வார இதழும் இங்கிருந்து வெளிவந்தது. பிரெஞ்சு மண்ணில் இருந்த அச்சகத்தின் மேல் அவர்களால் கை வைக்க முடியவில்லை. அதனால் இதழ் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடை போட்டார்கள். வாசகர்கள் பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்ததால் 1910இல் இதழ் நின்றுபோனது. எழுத ஆள் இருந்தார், அச்சடிக்க இடம் இருந்தது, வாசகரிடம் போய்ச் சேரும் வழி மட்டும் அடுத்தவர் கையில் இருந்தது.

வலைப்பதிவுக்கு உண்மையான ஆபத்து இந்த இரண்டு இடங்களிலிருந்துதான் வருகிறது. ஒன்று, படி இல்லாமை. இன்னொன்று, முகவரியும் வழியும் அடுத்தவர் கையில் இருப்பது. இலவசமாக இணையப் பக்கம் தொடங்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. கூகுளின் சமூக வலைத்தளங்களில் ஆர்குட் 2014இல் போனது, கூகுள் பிளஸ் 2019இல் போனது. அவற்றில் தமிழர்கள் எழுதியதில் பலவும் கூடவே போயின. பிளாக்கர் இன்னும் இருக்கிறது, ஆனால் அங்கேயும் ஒரு அடி விழுந்தது. 2012 முதல் சில ஆண்டுகளுக்கு, இந்தியாவிலிருந்து பிளாக்ஸ்பாட் பதிவைத் திறந்தால் முகவரியின் கடைசியில் டாட் காம் என்பது டாட் இன் என்று மாறியது. பலர் அந்த இணைப்பையே நகலெடுத்துக் கட்டுரைகளிலும் மின்னஞ்சல்களிலும் போட்டார்கள். 2020இல் அந்த டாட் இன் முகவரி கூகுளின் கையைவிட்டுப் போனது, அந்த இணைப்புகளெல்லாம் ஒரே நேரத்தில் செத்தன. நல்ல வேளை, பதிவுகள் பத்திரமாகவே இருந்தன. பழைய பிளாக்ஸ்பாட் இணைப்பு ஏதாவது திறக்காமல் அடம் பிடித்தால் கடைசியில் இருக்கும் டாட் இன்னை டாட் காம் என்று மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் திறக்கும்.

இப்போது புதிதாக ஒரு நெருக்கடி வந்திருக்கிறது. கூகுளில் தேடினால் மேலேயே செயற்கை நுண்ணறிவு ஒரு சுருக்கத்தைக் கொடுத்துவிடுகிறது, பதிவைத் திறந்து படிப்பவர்கள் குறைகிறார்கள். இன்னொரு பக்கம் இயந்திரம் எழுதிய கட்டுரைகள் குவிகின்றன. இதில் அடிபடப் போவது நாலு தளத்தைப் பார்த்து ஐந்தாவதாக எழுதும் பதிவுகள் என்பது என் கணிப்பு. தான் பார்த்ததை, தான் செய்ததை எழுதுபவரிடமிருந்துதான் அந்தச் சுருக்கத்துக்கே சரக்கு வர வேண்டும்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

எதை எழுதுவது என்று கேட்பவர்களிடம் உங்கள் தெருவில் தொடங்குங்கள் என்பேன். கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைக்கும் மீனவப் பெரியவர்கள் நம் கரையில் இன்னும் இருக்கிறார்கள். எந்தக் காற்றில் எந்த மீன் கிடைக்கும் என்று அவர்களில் ஒருவரிடம் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதினால் அது ஒரு பதிவு. கடலூர் பழைய நகரத்தில் உங்கள் தாத்தா வேலை பார்த்த கிடங்கு, வீட்டில் பாட்டி செய்யும் பிரெஞ்சுப் பெயர் கொண்ட பலகாரம், ஒரு அரசுச் சான்றிதழ் வாங்க எந்தெந்த ஜன்னலில் நிற்க வேண்டியிருந்தது என்ற விவரம், எல்லாம் பதிவுதான். மாதம் ஒன்று போதும். தினம் எழுத வேண்டும் என்று தொடங்குபவர்கள்தான் சீக்கிரம் நிறுத்துகிறார்கள்.

முதலில் இலவச இடத்தில் எழுதிப் பாருங்கள். பத்துப் பதினைந்து பதிவு ஆனதும், தொடர்வோம் என்று தோன்றினால், சொந்தமாக ஒரு டொமைன், அதாவது உங்கள் பெயரிலேயே ஓர் இணைய முகவரி, வாங்கிவிடுங்கள். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும். பிளாக்கரிலேயே அந்த முகவரியை இணைத்துக்கொள்ளலாம். நாளைக்கு வேர்ட்பிரஸுக்கோ வேறெங்கோ மாறினாலும், பதிவுகளின் முகவரியை அதே வடிவில் வைத்துக்கொண்டால் வாசகரிடம் இருக்கும் இணைப்பு உடையாது. ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்கும் தேதியை மட்டும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள், தவறினால் வேறொருவர் எடுத்துவிடலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பதிவுகளையும் பதிவிறக்கிக் கணினியிலும் பென் டிரைவிலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். பிளாக்கரில் அமைப்புகள் பகுதியிலும் வேர்ட்பிரஸில் கருவிகள் பகுதியிலும் அதற்கு வழி உண்டு. படங்கள் அந்தக் கோப்பில் வராமல் போகலாம், அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். முக்கியமான பதிவு என்று நினைத்தால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் பக்கத்துக்குப் போய், பதிவின் முகவரியை ஒட்டிச் சேமிக்கச் சொல்லுங்கள். காசு கிடையாது, ஒரு நிமிடம்கூட ஆகாது. அன்றைய தேதியிட்ட ஒரு படி அங்கே இருக்கும்.